நொய்யலின் வரவும் செலவும்

நொய்யல் அன்று ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஓடிய ஆறு. இன்று பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. அன்று வெள்ளியங்கிரி மலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் சமவெளியில் மழை பெய்தால் மறுபடியும் வரும். மற்ற மாதங்களில் மணல் தெரியக் கிடக்கும். இன்று மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கோவைக்குக் கீழே ஆற்றில் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. வீடுகளின் சாக்கடையும் தொழிற்கூடங்களின் கழிவும் அதற்கு வற்றாத ஊற்றாகிவிட்டன. வறண்டு கிடந்த நாளிலும் ஊரார் நம்பியிருந்த ஆறு, வற்றாமல் ஓடும் நாளில் கால் நனைக்கவும் ஆகாததாயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டில், ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே 150 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு இது. பெரிய ஆறு என்று யாரும் சொல்லியதில்லை. ஆனால் சிறிய ஆற்றை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதை அதன் கரைகளில் வாழ்ந்தவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள்.

ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டுகளை எழுப்பினார்கள். அவற்றிலிருந்து வாய்க்கால்களைப் பிரித்தார்கள். வாய்க்காலின் முடிவில் குளங்களை அமைத்தார்கள். பேரூர், உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள் இப்படி ஆற்றோடு கோக்கப்பட்டிருந்தன. வெள்ளம் சில நாட்களில் கடந்து போய்விடும். குளத்தில் நின்ற நீர் சில மாதங்கள் இருக்கும். குளத்திலிருந்து நிலத்துக்குள் இறங்கிய நீர் அடுத்த கோடை வரை கிணறுகளில் ஊறும். கண்ணுக்குத் தெரிந்த ஆற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றுக்குப் போன ஆறே ஊர்களை வாழவைத்தது. பின்னாளில் நிகழ்ந்ததன் கொடுமை புரிய வேண்டுமானால் இந்த ஏற்பாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல நீரை நிலத்துக்குள் கொண்டுபோன வழிகளெல்லாம் பிறகு கெட்ட நீரையும் அதே ஒழுங்கோடு கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆற்றங்கரையில் தொழில் என்பதும் புதிதன்று. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர். 1980களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகளை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களும், நூல் நூற்ற தக்ளிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொலைதூர நாடுகளோடு வணிகம் செய்த ஊர் அது. ஆகவே ஆற்றைத் தொழில்தான் கெடுத்தது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. தொழிலின் அளவும், அது ஆற்றில் விட்ட பொருளும், அதன் வேகமும் மாறின. அந்த மாற்றம் முழுவதும் ஒரே தலைமுறைக்குள் நடந்து முடிந்தது.

வயலும் தோட்டமும் காடும்

நொய்யல் கரை ஊர்களில் நிலத்துக்கு மூன்று நிலைகள் இருந்தன. வாய்க்கால் பாய்ந்தால் வயல். கிணறு இருந்தால் தோட்டம். வானத்தை மட்டும் நம்பியிருந்தால் காடு. வயலில் நெல்லும் கரும்பும் விளைந்தன. தோட்டத்தில் மஞ்சள், புகையிலை, பருத்தி, வாழை, தென்னை. காட்டில் சோளமும் கம்பும் நரிப்பயறும் கொள்ளும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்ந்தன. காங்கேயம் மாடுகள் அங்கேயே மேய்ந்து பெருத்தன.

அன்று தோட்டத்துக்கு நீர் இறைத்தது கவலை ஏற்றம். ஒரு சோடி எருதுகள் காலை முழுவதும் இழுத்தால் எத்தனை பாத்தி நனையுமோ அத்தனைதான் அன்றைய விவசாயம். எருதுகளின் வலிமையே கிணற்றுக்கு வரம்பு கட்டியது. மின்மோட்டார் வந்தபோது அந்த வரம்பு போயிற்று. ஆழ்துளைக் கிணறு வந்தபோது ஆழத்துக்கும் வரம்பில்லாமல் போயிற்று. முப்பது, நாற்பது அடியில் கிடைத்த தண்ணீரைத் தேடி இன்று ஆயிரம் அடிக்கும் கீழே துளையிடுகிறார்கள். திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகுவதற்கு முன்பே நிலத்தடி நீரின் அளவு குறையத் தொடங்கியிருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் குறைந்த நீரை ஒரு நல்ல மழைக்காலம் ஓரளவு மீட்டுத் தரும். உப்பேறிய நீரை மீட்பது அத்தனை எளிதன்று.

தண்ணீரின் தரத்தை அறிய அன்று நாக்கு போதும். நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்று இரண்டே வகை. பருப்பு வேகும் கிணறு எது, வேகாத கிணறு எது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இன்று பேனா அளவில், கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணைப் படிக்கிறார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புகள் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் நீருக்கு வகுக்கப்பட்ட உச்ச அளவு 2,100. பட்டறைகள் உண்மையில் விட்ட நீரில் இருந்ததோ அதைப்போலப் பல மடங்கு.

வெள்ளை பனியனும் வண்ணச் சட்டையும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. நீண்ட காலம் திருப்பூர் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் பின்னிய ஊராகவே இருந்தது. வெள்ளைத் துணிக்குச் சலவை போதும், சாயம் வேண்டியதில்லை. சலவைப் பட்டறைகள் அன்றும் கழிவுநீரை வெளியே விட்டன. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும் அளவுக்குள் இருந்தது கழிவு.

1970களின் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் திருப்பூருக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது வண்ணச் சட்டைகள். 1980களின் நடுவில் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி ரூபாய். 2024-25இல் அது ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ரூபாயின் மதிப்பு சரிந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இதற்கு இணையான வளர்ச்சி கண்ட சிற்றூர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1990களின் முடிவில் எண்ணூறை எட்டின. நகராட்சி 2008இல் மாநகராட்சியாயிற்று. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

பருத்தித் துணியில் வண்ணம் பிடிக்க உப்பு வேண்டும். ரியாக்டிவ் சாயங்களை நூலோடு சேர்ப்பதற்குச் சாயத்தொட்டியில் கிலோ கிலோவாகச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ கொட்டுவார்கள். சாயம் துணியோடு போகும், உப்பு போகாது. போட்ட உப்பு முழுவதும், துணியில் பிடிக்காமல் எஞ்சிய சாயமும் சேர்ந்து, அலசிய நீரோடு வெளியே வரும். 1980களில் வின்ச் என்னும் பழைய தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்கு இருநூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவாயிற்று. பிறகு வந்த சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் அதை நூறு லிட்டருக்கும் கீழே கொண்டுவந்தன. ஆனால் துணியின் அளவு அதைவிட வேகமாகப் பெருகியதால் மொத்தக் கழிவு குறையவில்லை. உச்ச காலத்தில் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கோடி லிட்டர் கழிவுநீர் நொய்யலுக்குப் போயிற்று. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே அந்தப் பருவத்தில் எந்த வண்ணம் அதிகம் விற்கிறது என்று கரையிலிருந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதலில் பட்டறையின் சொந்தக் கிணற்றிலிருந்து. அந்தக் கிணறு கெட்டபின் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில். பாத்திக்குப் பாய்ந்த தண்ணீர் லாரிக்கு ஏறியது; விளைச்சலைவிடத் தண்ணீருக்கு நல்ல விலை கிடைத்ததால் பயிரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் விற்ற தோட்டங்கள் உண்டு. 2000களின் நடுவில் காவிரி நீரைக் குழாய் வழியே நகருக்கும் பட்டறைகளுக்கும் கொண்டுவரும் பெரிய திட்டம் நிறைவேறியது. காவிரியின் துணையாறு ஒன்றைப் பயன்படாமல் ஆக்கிய தொழில், அதன்பின் காவிரியிடமே தண்ணீர் கேட்டு நின்றது.

ஒரத்துப்பாளையம்

அணை என்றால் விவசாயிக்கு வரம். சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை வேண்டும் என்பது அந்தப் பகுதியின் நெடுநாள் ஆசை. 1992இல் அணை கட்டி முடிந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் 10,000 ஏக்கருக்கும் மேல் பாசனம் பெறும் என்பது திட்டம். மேலேயிருந்து வரும் வெள்ளத்தைத் தேக்கிக் கோடையில் பயிருக்கு விடுவார்கள்; அணையின் சுற்றுப்புறக் கிணறுகளும் ஊறும் என்று எதிர்பார்த்தார்கள்.

அணை கட்டப்பட்ட ஆண்டுகளும் சாயப்பட்டறைகள் பெருகிய ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்தன. அணையில் தேங்கியது சாயக்கழிவு. ஓடுகிற கழிவு ஓடிப் போய்விடும். தேங்கிய கழிவு நிலத்துக்குள் இறங்கும். எதிர்பார்த்தபடியே சுற்றுப்புறக் கிணறுகள் ஊறின. ஊறிய நீரை மாடு குடிக்க மறுத்தது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. மஞ்சள் கருகியது. சில ஆண்டுகளிலேயே அந்த அணை, பாசனத்துக்குத் திறக்க முடியாத அணையாகிவிட்டது. 1997இல் தேங்கிய நீரைத் திறந்தபோது கீழ்ப்பகுதி விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள்.

இதில் துயரமான முரண் ஒன்று இருந்தது. அணையைச் சுற்றியிருந்தவர்கள், தங்கள் கிணறுகளைக் காக்க அணையைத் திறந்து காலி செய்யுங்கள் என்றார்கள். கரூர்ப் பக்கம் இருந்தவர்கள், தங்கள் வயல்களைக் காக்கத் திறக்காதீர்கள் என்றார்கள். இரு தரப்பும் கேட்டது நியாயம். ஒரே ஆற்றின் பாசனக்காரர்கள், தண்ணீர் தா என்று சண்டையிட்டது அன்றைய வழக்கம். தண்ணீர் வேண்டாம் என்று மன்றாடியது நொய்யல் கண்ட புதிய வழக்கம்.

உப்பு மண்ணுக்குச் செய்வது மெதுவான வேலை. உப்புநீர் பாயப் பாய, சோடியம் மண்ணில் ஏறிச் சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொலபொலப்பாக இருந்த மண் இறுகுகிறது. மேலே ஓர் ஏடு படிகிறது. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று காய்கிறது. இறங்கினால்தானே உப்பைக் கழுவிக்கொண்டு போக முடியும். இப்படி நோயே தன் மருந்தைத் தடுத்துவிடுகிறது. நெல்லும் மஞ்சளும் விளைந்த நிலத்தில் உப்பைத் தாங்கும் தென்னையும் தீவனப் பயிரும் மட்டும் எஞ்சின. அவையும் தாங்காத இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது.

கணக்கில் வந்ததும் வராததும்

இழப்பு ஒருமுறை முறைப்படி கணக்கிடப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில், சூழல் இழப்புக்கான ஆணையம் 2004இல் தந்த மதிப்பீட்டின்படி 68 கிராமங்களில் ஏறத்தாழ 28,600 விவசாயிகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு மொத்தமாக ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 9,000 ரூபாய்க்கும் குறைவு. பல ஆண்டு விளைச்சலுக்கும், ஒரு கிணற்றுக்கும், ஒரு குடும்பம் தலைமுறைகளாகப் பண்படுத்திய மண்ணுக்கும் சேர்த்து அந்தத் தொகை. அதே ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி.

ஆனால் வரவுப் பக்கத்தையும் அதே நேர்மையோடு படிக்க வேண்டும். அன்று தோட்டத்து வேலை என்பது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நிலம் உள்ளவருக்கு அது வாழ்வு. நிலமில்லாத பண்ணையாளுக்கு அது ஆண்டுக் கணக்கில் கட்டுப்பட்ட அடிமைத்தனத்துக்கு அருகில் இருந்தது. வாங்கிய முன்பணம் தீரும்வரை அதே பண்ணையத்தில் உழைக்க வேண்டும்; வெளி வாசலில் நின்று கூலி வாங்க வேண்டும். அவருடைய பிள்ளைகளுக்குப் பனியன் கம்பெனியின் கதவு திறந்தபோது, வாரக் கூலியோடு மரியாதையும் வந்தது. சனிக்கிழமை சம்பளம் கையில் வாங்கிய பெண் வீட்டில் பேசும் குரல் மாறியது. மதுரை, தேனி, இராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களுக்கு அன்று திருப்பூர் வாழ்வளித்த ஊர். இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படியே. ஆற்றைக் காத்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆனால் இது வந்ததே தவறு என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை.

நொய்யலின் கதையை எளிய வழக்காக ஆக்கவிடாமல் தடுப்பது இன்னொன்றும் உண்டு. பெற்றவரும் இழந்தவரும் எப்போதும் வேறு வேறு ஆட்களாக இருக்கவில்லை. கிணறு உப்பாகிப் பயிர் போன வீட்டின் மூத்த மகன் தோட்டத்தில் நின்றான். இளைய மகன் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனான். அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது இளையவன் சம்பளத்தில். பட்டறை முதலாளிகளில் பலரும் இதே ஊர்களின் தோட்டத்துப் பிள்ளைகள். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ முதல் போட்டவர்கள். இழப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உறவுக்குள்ளேயே பேச வேண்டியிருந்தது. முதல் பத்தாண்டுகள் பலர் வாய் திறக்காமல் இருந்ததற்கு அச்சம் மட்டும் காரணமில்லை.

ஒன்று மட்டும் யாருக்கும் பங்கு வராமல் எல்லாருக்கும் இழப்பாயிற்று. குடிநீர். அன்று ஊர்ப் பொதுக்கிணறு சாதி பார்த்து நீர் தந்தது. அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தெருவுக்கும், சேரிக்கும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு எங்கோ நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இன்று அந்த ஊர்களுக்குக் குடிநீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. வருகிற நாளில் எல்லாருக்கும் ஒரே குழாய் என்பது நன்மை. வராத நாளில் கேன் தண்ணீர் வாங்கக் காசுள்ளவருக்கு ஒரு நிலை, இல்லாதவருக்கு ஒரு நிலை.

ஒரு தேதியும் அதன் பின்னும்

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். கரூர்ப் பகுதி விவசாயிகள் 1990களில் தொடங்கியதை நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் தொடர்ந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது, அதுவரை வெளியேறும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் பட்டறைகள் பணம் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆணைகள் நிறைவேறவில்லை என்று கண்டு, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது.

எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட துன்பம் சிறிதன்று. வேலை போன குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறின. ஏற்ற ஆர்டரை முடிக்கத் துணி வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயமேற்றப் போயிற்று. சில இடங்களில் அனுமதியில்லாப் பட்டறைகள் இரவோடு இரவாக முளைத்து வேறு ஆறுகளைத் தேடின. மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தகுதி பெற்று, படிப்படியாகப் பட்டறைகள் திறந்தன.

அன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றால் சுண்ணாம்பும் இரும்புக் கூட்டுப்பொருளும் போட்டு நிறத்தைக் கீழே படியவைப்பது. நிறம் போகும், உப்பு அப்படியே ஆற்றுக்குப் போகும். தெளிந்த நீர் என்று பார்த்தவர் ஏமாந்தார். இன்று நுண்ணுயிர்த் தொட்டிகளில் தொடங்கி, சவ்வூடு வடிகட்டி நல்ல நீரைப் பிரித்து, மிச்சமுள்ள உப்புக் கரைசலை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் பட்டறைக்கே திரும்புகிறது. மீட்ட உப்புக் கரைசலில் மறுபடி சாயமேற்றலாம் என்பதை அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் செய்து காட்டியது. இப்போது 18 பொது நிலையங்களும் பல தனி நிலையங்களும் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கும் மேல் நீரைத் திரும்பப் பயன்படுத்துகின்றன. இந்த அளவில் இதைச் செய்யும் சாயத்தொழில் நகரம் உலகிலேயே அரிது. இதற்கு மின்சாரமும் விறகும் பணமும் பெருமளவு செலவாகின்றன. ஆவியாக்கியில் எஞ்சும் கலப்பு உப்பும் சேறும் எங்கே போவது என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனாலும் தொழில் அழியவில்லை. 2011க்கு முன்பிருந்த ஏற்றுமதியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இன்று நடக்கிறது. ஆற்றைக் கெடுக்காமல் துணி விற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது 1990களிலேயே நடந்திருக்கலாம் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இன்றைய நொய்யல்

பேரூர்ப் படித்துறையில் இன்றும் முன்னோருக்குத் திதி கொடுக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே வருவது மலைத் தண்ணீர். சில கிலோமீட்டர் கீழே கோவை நகரின் கழிவு கலந்ததும் ஆறு நிறம் மாறுகிறது. சூலூர்ப் பக்கம் மழை வெள்ளத்தில் வெண்ணுரை மலைபோல் எழுகிறது. திருப்பூரைத் தாண்டும்போது அந்த நகரின் வீட்டுக் கழிவும் சேர்கிறது. சாயம் பெரும்பாலும் நின்றது, சாக்கடை நிற்கவில்லை. இரவில், அல்லது பெருமழையின் மறைவில், திருட்டுத்தனமாகச் சாயநீர் திறக்கப்படுவதும் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. பருவத்தின் முதல் வெள்ளம் ஒரத்துப்பாளையத்துக்கு வரும்போதெல்லாம் விவசாயிகள் மீட்டரைப் பார்த்துவிட்டே மதகைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. திருப்பூரின் விளிம்பில், நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. தொழில் முனைவோரும் தன்னார்வலர்களும் 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் லட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. அன்று குளத்தைத் தூர்வாரியது குடிமராமத்து செய்த ஊர். இன்று அதே குளத்தைக் கம்பெனிக்காரரும் கல்லூரி மாணவரும் ஞாயிற்றுக்கிழமை கூடித் தூர்வாருகிறார்கள். ஆளும் முறையும் மாறினாலும், குளம் நம்முடையது என்ற எண்ணம் முழுதும் அற்றுப்போகவில்லை.

ஆனால் அணைக்குக் கீழே நிலத்தடி நீர் இன்னும் உவர்க்கிறது. ஒரு நீதிமன்ற ஆணை பட்டறையை ஒரே நாளில் மூடிவிடும். இருபது ஆண்டுகள் மண்ணுக்குள் இறங்கிய உப்பை அப்படி வெளியேற்ற முடியாது. அதை நல்ல மழை கழுவ வேண்டும், நல்ல ஆற்று நீர் கழுவ வேண்டும், மண்ணில் ஜிப்சமும் தழையுரமும் போட்டு உழவர் உழைக்க வேண்டும். அதற்கெல்லாம் முதல் நிபந்தனை, மேலேயிருந்து வரும் நீர் சுத்தமாக இருப்பது. காத்திருந்து பார்க்க அந்த ஊர்களில் இளைஞர்கள் குறைவு. மஞ்சள் போடத் தெரிந்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தறியும் தையலும் கணினியும் தெரியும், பருவம் பார்த்துப் பாத்தி கட்டத் தெரியாது. மண் திரும்பினாலும் அந்த அறிவு தானாகத் திரும்பாது. நொய்யல் கரையின் இழப்புகளில் எந்த ஆணையமும் மதிப்பிடாத இழப்பு அது.

ஒரு சட்டைக்கு விலை போடும்போது பஞ்சு, நூல், சாயம், கூலி, மின்சாரம், கப்பல் வாடகை எல்லாவற்றையும் எழுதினார்கள். தண்ணீரைக் கெடுத்த செலவை மட்டும் எழுதவில்லை. அதனால் உலகச் சந்தையில் சட்டை மலிவாயிற்று. மிச்சத்தை 68 கிராமங்கள் கட்டின. இன்று சுத்திகரிப்புச் செலவு விலைச்சீட்டில் ஏறிவிட்டது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத வேறு நகரங்களோடும் நாடுகளோடும் திருப்பூர் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பது உண்மையான நெருக்கடி. அதைக் காரணம் காட்டி மதகைச் சற்றே திறந்துகொள்ளலாம் என்ற ஆசை ஒவ்வொரு மந்தமான ஆண்டிலும் எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். அரசு மின்சாரத்திலும் கடனிலும் தோள் கொடுக்க வேண்டும். கோவையும் திருப்பூரும் தங்கள் சாக்கடையை ஆற்றுக்கு வெளியே நிறுத்த வேண்டும். சாயப்பட்டறைக்கு ஒரு சொட்டும் கூடாது என்று சட்டம் சொன்னதை மாநகராட்சிகளுக்கும் சொல்லாதவரை, உழவரும் பட்டறைக்காரரும் பட்ட பாட்டுக்கு உரிய பலன் ஆற்றுக்கு வந்து சேராது.